ஆரத்தித் தண்ணீரும் அட்டைப் பரீட்சையும்

கொழும்பில் பல்கலைக்கழகம் தொடங்கிய புதிதில் விலங்கியல் படிக்கப் போன பெண்கள் மிகக் குறைவு. மாத்தளையிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். அதனால் எங்கள் ஊரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வகுப்பில் வேதவாக்கு. மறுத்துப் பேச ஆள் இல்லையென்றால் ஒரு மனுஷிக்கு வாய் எவ்வளவு நீளும் என்பதை நான் அங்கேதான் கண்டுகொண்டேன். எங்கள் ஊர்ப் பலாப்பழத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றேன். நம்பினார்கள். எங்கள் மலை மூடுபனியில் பக்கத்தில் நிற்கும் மாடு தெரியாது என்றேன். அதையும் நம்பினார்கள். இரத்தம் குடிக்கும் அட்டையில் வந்துதான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். நெடுநெடு என்று ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் சுங்கான் புகைந்துகொண்டிருக்கும். அவர் வகுப்பை விட்டுப் போய் வெகுநேரம் ஆன பிறகும் புகையிலை வாடை போகாது. தவளை, மீன், மண்புழு எதைப் பற்றிப் பேசினாலும் தூங்கி வழிவார். அட்டை என்று வந்துவிட்டால் மட்டும் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும். அது போர்க்காலம். காட்டுக்குள் பயிற்சி எடுத்த பட்டாளத்துக்காரர்களை அட்டை பாடாய்ப் படுத்தியதால், அதுவரை யாரும் கண்டுகொள்ளாத அந்தப் பிராணிக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்திருந்தது. மனிதன் இருக்கும் இடத்தை அட்டை எப்படி அறிகிறது? மூச்சை வைத்தா, சூட்டை வைத்தா, நிழலை வைத்தா? இதுதான் அவருடைய ஆராய்ச்சி.

சிறப்பு வகுப்புக்கு ஆள் எடுக்கும் பேச்சு வந்தது. ஆசைப்பட்டவர்கள் ஐந்து பேர், இடம் இரண்டுதான். அதில் நான்கு பேர் பையன்கள். பேராசிரியர் சுங்கானைத் தட்டிக்கொண்டே, காட்டு வேலை பெண்களுக்கு ஒத்துவராது, ஏதாவது ஊர்ந்து வந்தால் வீறிடுவார்கள், வீறிட்டால் பிராணிகள் ஓடிவிடும், பிறகு எதை ஆராய்வது என்றார். பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

எழுந்து நின்றேன். எங்கள் மலையில் நான் பிறந்த நாள் முதல் அட்டையோடு வளர்ந்தவள், இவர்களில் ஒருவராவது அட்டையைப் படத்தில் தவிர வேறெங்காவது பார்த்திருக்கிறார்களா, எங்கள் ஊர்த் தோட்டத்தில் ஒரு வெற்றிலை போடும் நேரம் உட்கார்ந்தால் எழுந்து நடக்க உடம்பில் இரத்தம் மிச்சமிருக்காது என்று இங்கிலீசில் பொரிந்து தள்ளினேன். வெற்றிலை போடும் நேரத்தை அவருக்கு எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உண்மையில் நான் மாத்தளை டவுனில் புடவைக் கடைக்காரர் மகள். அட்டை எங்கள் வீட்டுக்கு வந்ததென்றால் அது தோட்டத்து ஆட்கள் காலில் ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

பேராசிரியர் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். மார்கழி விடுமுறையில் மற்ற நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு என் ஊருக்கே வருவதாகவும், அங்கே வைத்துத்தான் யார் யாரை எடுப்பது என்று முடிவு செய்யப்போவதாகவும் சொன்னார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு ஒரு முடிவு காத்திருந்தது. குருநாகலில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என் சாதகத்தை வாங்கிப் போயிருந்தது. அப்பா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "எடம் கெடச்சா போய்ப் படி, நான் தடுக்கல. கெடைக்கலேன்னா தையில கல்யாணம். நடுவுல நின்னுக்கிட்டு அழக்கூடாது" என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் சண்டை போடவும் முடியவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு அப்பா சொன்னதைவிட எரிச்சலாக இருந்தது. குருநாகல்காரர்கள் அனுப்பிய பித்தளைக் குத்துவிளக்கை அவள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்ததைப் பார்த்து, சரி, இவள் அந்தக் கட்சி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் தலைவாரி விடும்போது, அது என்ன பரீட்சை, என்ன கேட்பார்கள் என்று விசாரித்தாள். எனக்கிருந்த கடுப்பில் விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. தோட்டத்துக்குப் போவோம், அஞ்சு பேரும் காலை நீட்டிக்கொண்டு உட்காருவோம், அட்டை வந்து கடிக்கும், வாத்தியார் பார்த்துவிட்டு இரண்டு பேரை எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பாதிப் பின்னலோடு போகிறாயே என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

பேராசிரியரும் நான்கு பையன்களும் ரயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடும், அதற்கு மேல் போக வழியில்லை. பேராசிரியர் இறங்கி, ரயில் முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்து, இங்கேதான் அட்டைகளின் ராஜ்ஜியம் தொடங்குகிறதா என்று கேட்டார். ஆமாம் என்று கூசாமல் சொன்னேன்.

வாசலில் அம்மா நின்றாள். கையில் செம்புக் குடம், பக்கத்தில் ஒரு பெரிய தாம்பாளம். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுப் படியேறுவது அதுதான் முதல் தடவை. தெருவே வந்து எதிர்வாசலில் நின்றது. குடத்துத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஆரத்தியை எல்லோரும் மூன்று தரம் சுற்றித் தெருவில் ஊற்றுவார்கள். எங்கள் அம்மா அன்றைக்குப் பேராசிரியரின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொல்லி, தாம்பாளத்தில் நிற்க வைத்துக் காலில் ஊற்றினாள். நன்றாகத் தேய்க்கும்படி கையால் காட்டினாள். அவரும் ஏதோ பூசை என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு தேய்த்தார். வெள்ளைத் துரையைக் கண்ட பதற்றத்தில் அம்மாவுக்குச் சாங்கியம் எல்லாம் குழம்பிவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிறகு நான்கு பையன்களுக்கும் அதே அபிஷேகம். ஒருவன் துண்டு எடுக்கப் போனபோது அம்மா, "தொடைக்கக் கூடாது தம்பி. அது தானா காயணும்" என்று தடுத்துவிட்டாள். பேராசிரியர் ஏன் என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவர் முன்னால் எனக்குத் தெரியாத வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கலாமா? காலில் காய்ந்தால்தான் விருந்தாளி மனத்தில் நன்றி காயாமல் இருக்கும், இது ஆயிரம் வருஷத்து வழக்கம் என்று அளந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். அவரைச் சுற்றி எப்போதும்போலப் புகையிலை வாடை அடித்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எனக்கும் ஊற்றம்மா என்று காலை நீட்டினேன். வீட்டுப் புள்ளைக்கு எதற்கு ஆரத்தி என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, அப்பாவின் சிநேகிதரான ஒரு முஸ்லிம் நானாவின் லொறியில் ரத்தோட்டைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். மழை தூறிக்கொண்டே இருந்தது. அப்பாவிடம் புடவை எடுக்கும் தலைக் கங்காணி கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்து நின்றார். மனிதர் நல்லவர், ஆறு பேருக்கும் காலில் பூசச் சவுக்காரக் கட்டி எடுத்து வந்திருந்தார். அட்டை கிட்டே வராமலிருக்கத் தோட்டத்தில் எல்லோரும் காலில் ஏதாவது பூசிக்கொள்வார்கள். சவுக்காரத்தைக் கண்டதும் பேராசிரியர் பதறிப் பின்வாங்கினார். எங்களுக்கு அட்டை வேண்டும், கடிக்க வேண்டும், அதற்காகத்தான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறோம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். கங்காணி சவுக்காரத்தைக் கோட்டுப் பையில் போட்டார். பிறகு என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தொரைக்கு ஏதும் நேத்திக்கடனாம்மா?" என்று கேட்டார்.

ஓடைக்குப் பக்கத்தில் ஈரம் சொட்டும் ஒரு சரிவில் ஆறு பேரும் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தோம். பையன்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டார்கள். நான் சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கியபோது கங்காணி மரியாதையாக முகத்தைத் திருப்பி, வானத்தைப் பார்த்து மழை விடுமா என்று ஆராய்ந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு வந்து கூடிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை சேற்றில் உட்கார்ந்து தன் வெறுங்காலையே உற்றுப் பார்ப்பதை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

அட்டைகள் வந்தன. என் மானத்தைக் காப்பாற்ற வந்தன என்றுதான் நினைத்தேன். நூல் துண்டுகள் எழுந்து நடப்பதுபோல இலைகளுக்கு அடியிலிருந்து குதித்துக் குதித்து வந்தன. பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு அட்டை அவருடைய பெருவிரலுக்கு அருகில் வந்தது. தலையைத் தூக்கியது. அப்படியும் இப்படியும் ஆட்டியது. பிறகு விருட்டென்று திரும்பி வந்த வழியே போய்விட்டது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பையன்களின் கால் பக்கம் போனவையும் கிட்டே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பின. திரும்பியவை எங்கே போயின என்று கேட்காதீர்கள். எல்லாம் என்னிடம் வந்தன. கணுக்காலில், விரலிடுக்கில், கெண்டைக்காலில், ஒன்று துணிந்து முழங்காலுக்கே போனது. அந்தச் சரிவில் இருந்த அட்டைக் குலம் முழுவதும் எனக்குச் சொந்தம் கொண்டாடியது. பேச்சு பேச்சாக இருந்தாலும் அத்தனையையும் பிய்த்தெறிந்துவிட்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் வீறிட்டால் இடம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். அதுவரை பயத்தில் வெளுத்துப் போயிருந்தவன், தன் காலில் ஒன்றும் ஏறவில்லை என்று உறுதியானதும் தெம்பாகி, "உங்கட ஊர் அட்டையள் சொந்தக்காரரை மட்டும்தான் கவனிக்குமோ?" என்றான். அவனை ஓடையில் தள்ளலாமா என்று பார்த்தேன்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். கண் பளபளத்தது. இது பெரிய கண்டுபிடிப்பு என்றார். மலை அட்டை உள்ளூர்க்காரரையும் வெளியூர்க்காரரையும் பிரித்தறிகிறது. சாப்பாட்டு வித்தியாசமாக இருக்கும். இதை உடனே எழுதி அனுப்ப வேண்டும். இந்தப் பெண்தான் இதற்குச் சாட்சி என்று என்னைக் காட்டினார். பையன்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இடம் அப்போதே உறுதி.

ஆனால் எனக்கு நியாயம் உறுத்தியது. எங்கள் வீட்டிலும் சோறுதான், யாழ்ப்பாணத்தான் வீட்டிலும் சோறுதான். அவனுடைய இரத்தத்தில் அப்படி என்ன குறை? அவன் காலை உற்றுப் பார்த்தேன். முழங்கால் வரை லேசாகச் சிவந்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். கொழுந்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புகையிலை வாடை. சுங்கானைத் தொட்டுக்கூடப் பார்க்காத பையனின் காலில் புகையிலை வாடை.

குடம் நினைவுக்கு வந்தது. துடைக்கக் கூடாது என்றது நினைவுக்கு வந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. குத்துவிளக்கைத் தேய்த்தது போதாது என்று, விருந்தாளிகள் காலில் அட்டை அண்டாத புகையிலைத் தண்ணீரை ஊற்றி, என் பரீட்சையையும் சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறாள்.

பேராசிரியரிடம் போய், ஐயா உங்கள் கண்டுபிடிப்பு தப்பு, ஓடைக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் இரண்டு காலையும் தண்ணீரில் வைக்கப் போனார். "ஒன்று போதும், ஒன்றுதான்" என்று கத்தினேன். இரண்டையும் கழுவினால் அட்டைக்கு இப்போதுதான் பசி வந்தது என்று இவர் இன்னொரு தத்துவம் சொல்வார் என்ற பயம் எனக்கு. ஐந்து பேரையும் இடது காலை மட்டும் ஓடை மணல் போட்டு, சிவப்புப் போகும் வரை தேய்க்க வைத்தேன். வலது காலில் அம்மாவின் ஆரத்தி அப்படியே இருந்தது. மறுபடி வரிசையாக உட்கார்ந்தோம்.

அட்டைகள் வந்தன. வலது காலை முகர்ந்தன, திரும்பின. இடது காலை முகர்ந்தன, ஏறின. ஐந்து இடது கால்களிலும் விருந்து. வலது கால்கள் பிள்ளையார் மாதிரி சும்மா இருந்தன. அப்போதுதான் அந்த வீறிடல் கேட்டது. மலையே அதிர்ந்தது, கொழுந்துக் கூடை ஒன்று உருண்டது. வீறிட்டது பெண் அல்ல. யாழ்ப்பாணத்துப் பையன் இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலால் நொண்டியடித்து லொறி வரைக்கும் போய்விட்டான். அட்டைகள் ஓடவில்லை என்பதைப் பேராசிரியர் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

லொறியில் மலையிறங்கி வரும்போது பேராசிரியர் தன் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். தன் தத்துவம் ஒரு ஓடையில் கரைந்துபோன துக்கம் என்று நினைத்தேன். மாத்தளை நெருங்கும்போதுதான் திரும்பி, தைமாதம் சிறப்பு வகுப்புக்கு வந்து சேரும்படி சொன்னார். ஒரு காலைக் கழுவி ஒரு காலை விட்டுவைக்கத் தெரிந்தவளுக்கு இனி என்ன பரீட்சை வேண்டும் என்றார். எதிரில் பையன்கள் இருந்ததால் அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனேன். ஒரு மூச்சுச் சண்டைக்குத் தயாராக, சொல்ல வேண்டியதையெல்லாம் லொறியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அம்மா என் காலைப் பார்த்தாள். கணுக்காலெல்லாம் இரத்தம் வழிந்து உறைந்திருந்தது. பதறுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக எட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அவங்களுக்கும் கடிச்சிருச்சா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு நெறையக் கடிச்சிச்சு? சொல்லு புள்ள, யாருக்கு நெறைய?"

எனக்குத்தான் என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை.

அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஒனக்குத்தானே எடம்? கடிச்சவங்கள்ல ரெண்டு பேரத்தானே எடுப்பாருன்னு சொன்ன. மத்தவங்களுக்குக் கடிக்கவே கூடாதுன்னுதான் ராத்திரியே பொகையில ஊற வச்சேன். நான் என்னத்தக் கண்டேன், பாடமா சொல்லித்தர முடியும்? அவங்க காலத்தானே கழுவ முடியும்."

அடுக்கி வைத்திருந்த சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் இவளையா அந்தக் கட்சி என்று நினைத்திருந்தேன். கூடத்தில் பேராசிரியர், அந்தத் தண்ணீரின் பக்குவத்தை உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறாயா என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தண்ணீரைக் கழுவியதால்தான் எனக்கு இடம் கிடைத்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ஆமாம்மா, எனக்குத்தான் நிறையக் கடித்தது, அதனால் எனக்குத்தான் இடம் என்று சொன்னேன்.

அவள் முந்தானையை நனைத்து என் காலைத் துடைக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு கால், பிறகு மற்றக் கால். துடைத்துக்கொண்டே, அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்டாள். சித்திரையில் இருக்கும் என்றேன்.

"அதுல எது கடிக்கும்?" என்றாள்.